கோபுரத்திலிருந்து வளர்ந்த மாளிகை: ஒரு வீட்டின் வயதுகளைச் சுவர்களில் படிப்பது எப்படி

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட எல்லைப் பகுதிகளிலும் உள்ள பழைய நாட்டுப்புற மாளிகைகள் பலவற்றின் தரைப்படத்தை எடுத்துப் பார்த்தால், வீட்டின் பெரும்பகுதிச் சுவர்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிய, ஒரு மூலையில் மட்டும் மிகக் கனத்த சுவர்களால் சூழப்பட்ட சிறிய கட்டம் ஒன்று தனித்து நிற்பதைக் காணலாம். அந்தக் கட்டம்தான் மாளிகையின் முதல் உருவம். இடைக்காலத்தில் காவலுக்கும் குடியிருப்புக்கும் சேர்த்தே எழுப்பப்பட்ட கல் கோபுரம் அது. மற்ற அறைகளெல்லாம் பின்வந்த நூற்றாண்டுகளில், அந்தந்தத் தலைமுறையின் வசதிக்கும் செல்வத்துக்கும் ஏற்ப, அதன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. இப்படிப் படிப்படியாக வளர்ந்த வீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை, அபர்டீன் நகருக்கு மேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டிரம் கோட்டையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில், கோபுரம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் மூண்ட போர்கள் பல தலைமுறைகள் நீடித்தன. படைகள் வராத ஆண்டுகளிலும் எல்லையின் இருபுறத்தையும் சேர்ந்த குடும்பங்கள் இரவோடிரவாக வந்து மாடுகளை ஓட்டிச் செல்வதும், வீடுகளுக்குத் தீ வைப்பதும் வழக்கமாக இருந்தன. அரசனின் படை வந்து காக்கும்வரை காத்திருக்க முடியாத நிலவுடைமையாளர், தம் குடும்பத்தையும் தானியத்தையும் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அரசும் ஒரு கட்டத்தில் சட்டமாகவே ஆக்கியது. 1535இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், எல்லைப் பகுதியில் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் 60 அடி சதுரமான கல் மதில் ஒன்றைக் கட்ட வேண்டும் என்றும், விரும்பினால் அதனுள் ஒரு கோபுரத்தையும் எழுப்பிக்கொள்ளலாம் என்றும் கூறியது. ஆபத்து வரும்போது ஊராரும் கால்நடைகளும் மதிலுக்குள் அடைக்கலம் புகுவர். உரிமையாளரின் குடும்பம் கோபுரத்துக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொள்ளும்.

பெரும்படை ஒன்று மாதக்கணக்கில் முற்றுகையிட்டால் இத்தகைய கோபுரம் தாங்காது. ஓரிரவு வந்து கொள்ளையடித்துப் போகும் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துவதே அதன் வேலை. அந்த வேலைக்கு வேண்டியவை மூன்றே: தீப்பிடிக்காத கல், எளிதில் உடைக்க முடியாத நுழைவாயில், மேலிருந்து கீழே பார்த்துத் தாக்க ஓர் உச்சி. அரசர்களின் பெருங்கோட்டைகளுக்கு உரிய அகழியும் பல அடுக்கு மதில்களும் சாதாரண நிலவுடைமையாளரின் கைக்கு எட்டாதவை.

டிரம் கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. ஸ்காட்லாந்தில் இன்று நிற்கும் மிகப் பழைய கோபுர வீடுகளுள் அது ஒன்று. அபர்டீனில் நகரத் தலைவராகவும் இருந்த ரிச்சர்ட் என்ற கொத்தனாரின் வேலை அது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. 1323இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், தமக்குத் துணைநின்ற வில்லியம் டி இர்வின் என்பவருக்கு இந்தக் கோபுரத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் வழங்கினார். அதன்பின் 24 தலைமுறைகளாக அவருடைய இர்வின் குடும்பமே அங்கே வாழ்ந்தது. ஒரே குடும்பத்தின் கையில் இத்தனை காலம் இருந்ததால்தான் ஒவ்வொரு தலைமுறையின் மாற்றமும் முந்தையதை முற்றிலும் அழிக்காமல் அடுக்கடுக்காக அங்கே தங்கியிருக்கிறது.

கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 70 அடி. அடிப்பகுதியில் சுவரின் கனம் மட்டும் ஏறத்தாழ 12 அடி; மேலே செல்லச் செல்ல அது குறைகிறது. மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக உருட்டிவிடப்பட்டிருக்கின்றன. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெரிய கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே மர உத்தரம் போட்ட தட்டையான கூரைக்குப் பதிலாக, கவிழ்த்த அரைவட்டம் போன்ற கல் வளைவுக் கூரை போடப்பட்டிருக்கிறது. தரைமட்டக் கூடம் பண்டசாலை. காற்றுக்கென்று விடப்பட்ட குறுகிய துளைகளைத் தவிர அங்கே வெளிச்சம் இல்லை. வெளியிலிருந்து கோபுரத்துக்குள் நுழையும் வாயில் தரையில் இல்லாமல் முதல் மாடியின் மட்டத்தில் இருந்தது. இவ்வகைக் கோபுரங்களில் அப்படிப்பட்ட வாயிலுக்கு ஏறுவதற்கு மர ஏணியையோ படியையோ பயன்படுத்துவர். ஆபத்து நேரத்தில் அதை உள்ளே இழுத்துக்கொண்டாலோ அகற்றிவிட்டாலோ போதும். முதல் மாடியில் எல்லோரும் கூடி உண்ணும் பொதுக்கூடம். அதற்கும் மேலே குடும்பத் தலைவரின் கூடம். உச்சியில் கைப்பிடிச் சுவரும், மறைந்து நின்று தாக்குவதற்கான ஞாயில்களும்.

இத்தனை கனமான சுவர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பாதுகாப்பு ஒரு காரணம் மட்டுமே. கல் வளைவுக் கூரை தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. பக்கவாட்டிலும் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலைத் தாங்க வேண்டுமானால் சுவர் கனமாக இருந்தாக வேண்டும். இன்னொரு காரணம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மாடியில் ஒரே கூடம் என்று அமைந்த வீட்டில், படிக்கட்டும் கழிப்பிடமும் பெட்டகமும் வைக்க வேறு இடம் ஏது? அவை அத்தனையும் சுவரின் கனத்துக்குள் குடையப்பட்டன. குறுகிய படிக்கட்டு சுவருக்குள்ளேயே ஏறிச் செல்லும். சுவருக்குள் ஒரு சிற்றறை, அதில் கல் இருக்கை, அதன் கீழே வெளிப்புறம் நோக்கி இறங்கும் ஒரு புழை என்று கழிப்பிடம் அமைந்தது. எனவே கோபுர வீட்டின் சுவரை வெறும் தடுப்பாக எண்ணாமல், சிறிய அறைகளின் தொகுப்பாகப் பார்க்கப் பழக வேண்டும். தொடக்கநிலை வாசகர் பலரும் தவறவிடும் செய்தி இது.

இந்த வாழ்க்கை முழுவதும் செங்குத்தாக அடுக்கப்பட்டது. சமைத்த உணவும் விறகும் தண்ணீரும் குறுகிய படிகளில் மேலேற வேண்டும். ஒருவர் தம் அறைக்குப் போக வேண்டுமானால் மற்றவர் இருக்கும் கூடத்தைக் கடந்தே போக வேண்டும். தனிமை என்பது மிக உயரத்தில் இருந்தவருக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டில் ஒருவருடைய மதிப்பை அவர் எத்தனையாவது மாடியில் உறங்குகிறார் என்பதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானபோது, இரு நாடுகளுக்கும் ஒரே தலைமை ஏற்பட்டது. எல்லைக் கொள்ளை கடுமையாக அடக்கப்பட்டது. அதற்கு முன்பே பீரங்கி பரவலாகிவிட்டதால் உயர்ந்த கல் சுவரின் பாதுகாப்பு மதிப்பும் குறைந்திருந்தது. டிரம்மில் 1619இல், ஒன்பதாம் தலைமுறை உரிமையாளரான அலெக்சாண்டர் இர்வின், கோபுரத்தை ஒட்டி ஒரு நீண்ட மாளிகையைக் கட்டினார். பெரிய சன்னல்கள், அடுத்தடுத்து அமைந்த அறைகள், ஒவ்வொரு முக்கிய அறைக்கும் தனித்தனிக் கணப்பு என்று அது முற்றிலும் வேறொரு வாழ்க்கைக்கான கட்டடம். கோபுரத்தில் மேல்நோக்கி அடுக்கியிருந்த கூடம், தனியறை, படுக்கையறை ஆகியவை இங்கே ஒரே மாடியில் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. கோபுரத்திலிருந்து வளர்ந்த மாளிகைகளின் கட்டடக்கலை வரலாற்றின் மையம் இதுதான் என்பது என் கருத்து: உயரத்தில் அடுக்கப்பட்டிருந்த வாழ்க்கை நீளத்தில் பரப்பப்பட்டது. விருந்தினர் எந்த அறைவரை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற மரியாதை வரிசையும் அதே போல மாடியிலிருந்து அறை வரிசைக்கு இடம் மாறியது.

அப்படியானால் பழைய கோபுரத்தை இடித்திருக்கலாமே என்ற கேள்வி எழும். 12 அடிச் சுவரை, அதுவும் நூற்றாண்டுகளாக இறுகிய சுண்ணாம்புச் சாந்தோடு கூடிய சுவரை, இடிப்பது புதிதாகக் கட்டுவதைவிடப் பெரிய வேலை என்பது நடைமுறைக் காரணம். அமைதியும் நிலைத்துவிட்டதாக யாரும் நம்பவில்லை. 1640இல் உள்நாட்டுக் குழப்பத்தின்போது டிரம் முற்றுகையிடப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும்விட வலிய காரணம் குடும்பப் பெருமை. அரசனிடமிருந்து நேரே பெற்ற நிலத்துக்குக் கண்ணெதிரே நிற்கும் சான்று அந்தக் கோபுரம். தம் குலம் புதிதாகப் பணம் சேர்த்த குலம் அன்று என்பதை வந்தவர்களுக்கு ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்த, வாசலில் நிற்கும் இடைக்காலச் சுவரைவிடச் சிறந்தது வேறில்லை. ஆகவே புதிய மாளிகையில் வாழ்ந்துகொண்டு பழைய கோபுரத்தைப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள்.

ஆனால் பழையதையும் புதியதையும் உள்ளே இணைப்பது எளிதன்று. கோபுரத்தின் மாடி மட்டங்கள் வளைவுக் கூரைகளின் உயரத்தால் தீர்மானிக்கப்பட்டவை. மாளிகையின் மட்டங்கள் சன்னல்களுக்கும் வசதிக்கும் ஏற்ப அமைந்தவை. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இத்தகைய வீட்டுக்குள் நடக்கும்போது காரணமின்றி நான்கைந்து படிகள் குறுக்கிட்டாலோ, ஒரு கதவு திடீரெனச் சுரங்கம்போல் ஆழமாகத் தோன்றினாலோ, நாம் ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கிறோம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். டிரம்மில் அந்த இணைப்பு 1840களில் நடந்தது. மாளிகையிலிருந்து கோபுரச் சுவரை உடைத்து வழி திறந்தார்கள். கோபுரத்தின் பொதுக்கூடத்தை நூலகமாக மாற்றினார்கள். வெளிச்சத்துக்காகப் பெரிய சன்னல் ஒன்றையும் அமைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் வீரரும் வேலையாட்களும் உண்ட கூடத்தின் வளைவுக் கூரையின் கீழ் இன்று புத்தக அலமாரிகள் சுவரை மறைத்து நிற்கின்றன. அலமாரிகளுக்குப் பின்னால் பழைய சுவர் அப்படியே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோபுரங்களும் ஒரே வழியில் வளரவில்லை. அதே 1323இல் ராபர்ட் புரூஸிடமிருந்து நிலம் பெற்ற இன்னொரு குடும்பம் டிரம்முக்கு அருகிலேயே இருந்தது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டில், 1553இல் தொடங்கி 1596இல் முடித்த கிராத்ஸ் கோட்டை, கீழே வெறுமையான சுவராக ஏறி, மேலே வந்ததும் மூலைக்கு மூலை பிதுங்கி நிற்கும் சிறுகோபுரங்களாலும் படிப்படியான முக்கோணச் சுவர்களாலும் திடீரென அலங்காரமாக மலர்கிறது. கீழே இடம் ஒடுக்கமாகவும் பாதுகாப்பாகவும் இருக்க, மேலே மட்டும் அறைகளை வெளியே தள்ளிப் பெரிதாக்கிக்கொள்ளும் உத்தி இது. அங்குள்ள சுழற்படிக்கட்டில் ஒரு படியை மட்டும் மற்றவற்றின் உயரத்திலிருந்து மாற்றி வைத்திருக்கிறார்கள்; பழக்கமில்லாமல் இருட்டில் ஓடி ஏறுபவர் அதில் இடறி விழுவார், வீட்டார் விழமாட்டார்கள். பின்னாளில் கோபுரத்தோடு சேர்க்கப்பட்ட ஒரு பகுதி 1966இல் தீக்கிரையானது; கல் கோபுரம் தப்பியது.

கிளாமிஸ் கோட்டையில் நிகழ்ந்தது வேறு. அங்கே ஆங்கில எழுத்து எல் வடிவில் இருந்த பழைய கோபுரத்தின் உள்மூலையில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகன்ற சுழற்படிக்கட்டுக்கென்றே ஒரு தனிக் கோபுரத்தைச் சேர்த்தார்கள். சுவருக்குள் ஒருவர் பின் ஒருவராக ஏறிய காலம் போய், இருவர் அருகருகே ஏறும் அகலம் கிடைத்தது. பழைய பெருங்கூடத்துக்கு 1621இல் அழகிய சுண்ணாம்பு வேலைப்பாட்டுடன் வளைவான மேற்கூரை அமைந்தது. பழைய எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டே அதைச் சுற்றி அரண்மனை வசதியை வளர்த்த முறை அது. இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில் உள்ள சைசர்க் மாளிகை இன்னொரு வகை: இடைக்காலக் கோபுரம் அப்படியே நிற்க, முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் இருபுறமும் நீண்ட சிறகுகள் முற்றத்தை அணைத்தபடி முன்னோக்கி வளர்ந்தன. அதன் ஓர் அறையின் நுண்ணிய மரப்பதிப்பு வேலை 1891இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டு, நூறாண்டுக்கும் மேல் கழித்து 1999இல் பழைய அறைக்கே திரும்பி வந்தது.

19ஆம் நூற்றாண்டில் கதை எதிர்பாராத பக்கம் திரும்பியது. பாதுகாப்புக்குத் தேவையே இல்லாத அந்தக் காலத்தில்தான் கோபுரங்களின் மீதான ஆசை உச்சத்தை அடைந்தது. விக்டோரியா அரசிக்காக 1853 முதல் 1856 வரை பால்மோரலில் எழுந்த புதிய மாளிகை, உயர்ந்த கோபுரமும் மூலைச் சிறுகோபுரங்களுமாகப் பழைய ஸ்காட்டிய வடிவத்தைப் பின்பற்றியது. செல்வந்தர்கள் பலர் அதே பாணியைக் கேட்டார்கள். அந்தப் பாணியில் மிகுந்த கைத்திறன் கொண்டவர் கட்டடக்கலைஞர் டேவிட் பிரைஸ். 1870களில் டிரம்மில் வேலை செய்த அவரது அலுவலகம், முற்றத்துப் பக்கம் நுழைவுக்கூடத்தைச் சேர்த்து, அறைக்குள் அறையாக நடந்துபோக வேண்டியிருந்த பழைய தொல்லையைக் குறைத்தது. கம்பிரியாவின் மன்காஸ்டர் கோட்டையில் 1860களில் ஆந்தனி சால்வின் என்ற கட்டடக்கலைஞர் செய்தது இன்னும் துணிச்சலானது: 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் வீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பது சமநிலையைக் கெடுக்கிறது என்று கருதி, மறுபக்கத்தில் அதற்கு இணையாக ஒரு புதிய கோபுரத்தையே கட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் இரட்டையர். ஆனால் அவற்றுக்கிடையே ஐந்து நூற்றாண்டு இடைவெளி.

எது பழையது, எது பின்னாளில் எழுந்த சாயல் என்பதைக் கண்டறியச் சன்னலே நல்ல வழிகாட்டி. வெளித்தோற்றத்தை நம்பாமல் உள்ளே சென்று, சன்னலின் பக்கச் சுவர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். கை நீட்டினாலும் கண்ணாடியைத் தொட முடியாத ஆழத்தில், வெளியே குறுகி உள்ளே விரியும் திறப்பு இருந்தால், இடைக்காலச் சுவருக்கு அது வலுவான அறிகுறி. 19ஆம் நூற்றாண்டுச் சாயல் கோபுரத்தில் சன்னல் பெரிதாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்கும். ஞாயில்களின் உயரமும் இடைவெளியும் ஆள் மறைந்து நிற்கப் பொருந்தாமல் அலங்கார அளவிலேயே நின்றுவிடும். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உண்மையான பழைய கோபுரத்திலும் சன்னல்களைப் பின்வந்தோர் அகலப்படுத்தியிருப்பார்கள், டிரம் நூலகத்தைப் போல. அதனால் ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு முடிவு கட்டாமல், சுவரின் கனம், மாடி மட்டம், கல்லின் வெட்டு ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். வெளியே சன்னல் தெரிந்து உள்ளே அதற்கு அறை இல்லை என்றால், அங்கேதான் மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

டிரம்மில் நடந்ததும் அதுவே. 1976இல் கோட்டை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. பழைய கல் கட்டடங்களுக்குச் சிமெண்டு பூசுவது பெருந்தீங்கு என்பது இத்துறையில் இன்று எல்லோரும் ஏற்ற செய்தி. சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும், கல்லோடு சேர்ந்து சற்றே அசைந்தும் கொடுக்கும். சிமெண்டோ ஈரத்தை உள்ளே பூட்டிக் கல்லையே பொரிந்து உதிரச் செய்யும். கோபுரச் சுவர்களில் சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்டுப் பேணுவதற்கான பெரும்பணிக்கு முன்னோடியாக 2013இல் தொல்லியலாளர்கள் அதன் சுவர்களை ஆராய்ந்தபோது, வெளியே அடைபட்ட சன்னல்கள் தெரிந்தன, உள்ளே அவற்றுக்குரிய அறைகள் தெரியவில்லை. அடைப்புக் கற்களை மெல்ல அகற்றிப் பார்த்தபோது, நூலக அலமாரிகளுக்குப் பின்னால் இடைக்காலக் கழிப்பிடம் ஒன்று, நுழைவாயிலும் இருக்கையின் எச்சமும் கொண்டதாக வெளிப்பட்டது. இன்னொரு மறைவறையும் கிடைத்தது; 1746இல் அரசுக்கு எதிரான கிளர்ச்சியை முடித்த கல்லோடன் போரில் தோற்ற தரப்பில் நின்ற 17ஆம் தலைமுறை உரிமையாளரை அவருடைய சகோதரி ஒளித்துவைத்ததாகக் குடும்பக் கதை சொல்லும் அறை அதுவாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

நூலகத்தை முழுதும் அகற்றிவிட்டு இடைக்காலக் கூடத்தை மீட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. 1840களின் நூலகமும் அந்த வீட்டின் வரலாற்றில் ஓர் உண்மையான அடுக்கு. கோபுரத்தை மாளிகையோடு முதன்முறையாக இணைத்ததும் அதுதான். மேலும், அலமாரி அமைத்தவர்கள் பழைய கழிப்பிடத்தை இடித்துத் தள்ளாமல் அடைத்து மூடிவிட்டுப் போனதால்தான், சுவரின் கனத்துக்குள் இடைக்காலத்தார் எப்படி இடம் கண்டார்கள் என்பதை அதன் கதவோடும் சிறு சன்னல்களோடும் சேர்த்து இன்றைய ஆய்வாளர்களால் பார்க்க முடிகிறது.